மேஸ்திரி முதல் மனிதவளத் தலைவர் வரை: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்துத் தகுதிச்சான்றின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராகப் பணியேற்பவரின் கல்வித் தகுதியை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் வழிவந்த விதிகள் வரையறுத்தன. அவருக்கு மேலிருக்கும் மனிதவளத் தலைவருக்கு எச்சட்டமும் எத்தகுதியையும் விதிக்கவில்லை. அவ்விடத்தைத் தொழில்முறைக் கழகங்களின் சான்றுகளும் அயல்நாட்டுத் தேர்வுகளும் நிரப்பியுள்ளன. இவ்விரு தகுதிமுறைகளும் உருவான வரலாற்றைச் சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் விரிந்த தொழிற்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நல அலுவலருக்குரிய தகுதியில் இடம்பெற்ற தொழிலாளர் மொழியறிவும், அவர் பணியில் வைக்கப்பட்ட நடுநிலைக் கட்டுப்பாடும் மேல்நிலைச் சான்றுகளில் இடம்பெறவில்லை என்பதும், கும்மிடிப்பூண்டியில் அவற்றின் தேவை இன்று வேறு வடிவில் எழுந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொழிலாளர் நல அலுவலர், மனிதவள மேலாண்மை, தகுதிச்சான்று, தொழிற்சாலைகள் சட்டம் 1948, விட்லி ஆணையம், மேஸ்திரி, கும்மிடிப்பூண்டி, புலம்பெயர் தொழிலாளர்

முன்னுரை

கும்மிடிப்பூண்டியிலுள்ள ஒரு பெரிய தொழிற்சாலையில் கொதிகலனை இயக்குபவர், கொதிகலன் விதிகளின்படி, அரசின் தகுதிச்சான்று பெற்றவராக இருத்தல் வேண்டும். ஐந்நூறு தொழிலாளர் பணிபுரியும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் அமர்த்தப்பட வேண்டும். அவருக்கும் விதிக்கப்பட்ட தகுதிகள் உண்டு. கணக்கைத் தணிக்கை செய்பவர் பட்டயக் கணக்கராகவும், ஆலை மருத்துவர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராகவும் இருப்பர். இருநூற்றைம்பது தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் ஒருவர் வேண்டும். அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதையும் அரசு விதி கூறும். ஆனால் அதே ஆலையில் எவரை வேலைக்கு எடுப்பது, எவரை நீக்குவது, எவ்வளவு ஊதியம் தருவது, எத்தனை பேரை ஒப்பந்ததாரர் வழியாக வைத்துக்கொள்வது ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மனிதவளத் தலைவர் எதைப் படித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறுவதில்லை.

இது தற்செயலாக நேர்ந்த விடுபாடு அன்று. தொழிலாளரோடு நேரே பழகும் பணியை அரசு தன் கண்காணிப்பில் வைத்துக்கொண்டது. தொழிலாளரைப் பற்றி முடிவெடுக்கும் பணியை முதலாளியின் விருப்பத்திற்கு விட்டது. இவ்விரு பணிகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவை பிரிந்த விதத்தை விளங்கிக்கொள்ள, சென்னை ஆலைகளில் மேஸ்திரி செல்வாக்கோடு இருந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

மேஸ்திரியும் விட்லி ஆணையமும்

போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் மேஸ்திரி. பம்பாயில் முக்காதம் என்றும் வங்காளத்தில் சர்தார் என்றும் அழைக்கப்பட்ட இடைநிலையாளரே சென்னை மாகாண ஆலைகளில் மேஸ்திரி எனப்பட்டார். ஆள் சேர்ப்பவர், வேலை வாங்குபவர், விடுப்புக்குப் பரிந்துரைப்பவர், அபராதத்திற்குக் காரணமானவர் என எல்லாமும் அவரே. வேலை பெறுவதற்கும் அதைக் காத்துக்கொள்வதற்கும் அவருக்குக் கைக்கூலி தர வேண்டியிருந்தது. ஆங்கிலேய மேலாளருக்குத் தொழிலாளரின் மொழி தெரியாது. தொழிலாளருக்கு மேலாளரின் மொழி தெரியாது. மேஸ்திரியின் அதிகாரம் பெருமளவு இந்த இடைவெளியில்தான் நிலைத்திருந்தது. மொழி அங்கு வெறும் தொடர்புக் கருவியாக மட்டும் இல்லை. அதுவே அதிகாரத்தின் ஊற்றாக இருந்தது. பிற்காலத்தில் நல அலுவலருக்குரிய தகுதிகளுள் மொழியறிவு சேர்க்கப்பட்டதன் பொருள் இப்பின்னணியில்தான் தெளிவாகும்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கல்யாணசுந்தரனார் துணைநின்றார், கோ. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்கு அடித்தளமிட்டவர்கள். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளையை நீட்டிக்க வேண்டுமென்பதாகும். இதைச் சிறு கோரிக்கையாகக் கருதிவிடலாகாது. உண்பதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்களைக் கேட்பதற்கும் மேலாளரிடம் செல்ல வழியில்லாத நிலையில், வெளியார் ஒருவரின் தலைமையில் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது என்பதே அதிலுள்ள செய்தி. 1921ஆம் ஆண்டின் நீண்ட போராட்டத்திற்குப் பிறகு, 1922இல் அவ்வாலைகளில் ஆலைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தொழிலாளரோடு பேசுவதற்கென ஓர் அமைப்பு வேண்டும் என்பதை நிருவாகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. சங்கத்தைத் தவிர்த்துப் பேசுவதற்கான ஏற்பாடு அது என்று கருதுவதற்கும் இடமுண்டு. நலப்பணி என்பது தோற்றத்திலேயே இவ்விரு முகங்களைக் கொண்டிருந்தது.

ஜே. எச். விட்லி தலைமையில் 1929இல் அமர்த்தப்பட்ட இந்தியத் தொழிலாளர் அரச ஆணையம் 1931இல் தன் அறிக்கையை அளித்தது. ஆள் சேர்க்கும் உரிமையை மேஸ்திரி வகையினரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலர் என்னும் புதிய பதவியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. அவ்வலுவலர் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். நேர்மை, ஆளுமை, சுறுசுறுப்பு, மனிதரைப் புரிந்துகொள்ளும் திறன், மொழித்திறன் ஆகியன அவருக்கு வேண்டிய இயல்புகள் என ஆணையம் கருதியது. இப்பட்டியலில் பட்டமோ பட்டயமோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1931இல் அத்தகைய கல்வியை வழங்கும் நிறுவனம் இந்தியாவில் எதுவுமில்லை. ஆணையம் கேட்டது குணங்களை. அடுத்த இருபதாண்டுகளில் அக்குணங்கள் கல்வித் தகுதியாக உருமாறின.

சட்டம் வகுத்த தகுதி

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 49ஆம் பிரிவு, வழக்கமாக ஐந்நூறோ அதற்கு மேலோ தொழிலாளர் பணிபுரியும் தொழிற்சாலையில் நல அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்றது. அவர்களுடைய கடமை, தகுதி, பணி நிபந்தனை ஆகியவற்றை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அப்பிரிவு அளித்தது. சென்னை மாநிலத்தில் அதற்கான நல அலுவலர் விதிகள் 1953இல் வந்தன.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட நிலப்பகுதியில் பெருந்தொழில் தோன்றியதும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கப்பட்டது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தோன்றியது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளிக்கொணர்ந்தது. அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த இப்பகுதியின் பெரும்பகுதி 1997இல் புதிய திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைப் போல மேஸ்திரியின் காலத்தைக் கடந்து சட்டத்தின் காலத்திற்கு வந்தவை அல்ல இத்தொழிற்சாலைகள். அவை பிறந்தபோதே நல அலுவலர் என்னும் பதவி சட்டத்தில் இருந்தது. ஆகவே இத்தகுதிமுறையின் விளைவுகளைப் பார்ப்பதற்கு இப்பகுதி ஏற்றதாகும்.

நடுவண் அரசு உருவாக்கிய மாதிரி விதிகளும் அவற்றை ஒட்டிய மாநில விதிகளும் மூன்று தகுதிகளைக் கூறின. பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று. சமூக அறிவியலில் அல்லது சமூகப்பணியில் ஏற்பளிக்கப்பட்ட நிறுவனத்தின் பட்டமோ பட்டயமோ மற்றொன்று. தொழிற்சாலை அமைந்துள்ள பகுதியின் தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழியில் போதிய அறிவு மூன்றாவது. இவற்றோடு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. தொழிலாளருக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையை நல அலுவலர் கையாளக் கூடாது. சமரச அலுவலரிடமோ நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ தொழிலாளருக்கு எதிராக நிருவாகத்தின் சார்பில் தோன்றவும் கூடாது. ஊதியம் தருபவர் முதலாளி. ஆயினும் முதலாளிக்காக வழக்காடுதல் தடுக்கப்பட்டது. இந்தியத் தொழிற்சட்டத்தில் இதற்கு நிகரான வேறு பதவியைக் காண்பது அரிது.

அத்தகைய அலுவலரை முதலாளி எளிதில் நீக்கிவிட முடியுமெனில் இக்கட்டுப்பாட்டிற்குப் பொருளில்லை. அதனால் பல மாநில விதிகள் அவருடைய பணிக்கும் பாதுகாப்பு அளித்தன. பஞ்சாப் மாநிலத்தின் 1952ஆம் ஆண்டு விதிகள் தொடர்பாக அசோசியேட்டட் சிமெண்ட் நிறுவனம் தொடுத்த வழக்கு இதற்குத் தக்க சான்று. நிறுவனம் நீக்கிய நல அலுவலரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு மாநில அரசு, விதிகள் தனக்களித்த மேல்முறையீட்டு அதிகாரத்தின்படி ஆணையிட்டது. அவ்வாணையை எதிர்த்து நிறுவனம் உச்சநீதிமன்றம் சென்றது. 1964 டிசம்பரில் தலைமை நீதிபதி பி. பி. கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு, அத்தகைய மேல்முறையீட்டைத் தீர்க்கும்போது மாநில அரசு அரசியலமைப்பின் 136ஆம் உறுப்பு கூறும் தீர்ப்பாயமாகவே செயற்படுகிறது என்று தீர்ப்பளித்தது. ஆட்சித்துறைச் சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்வழக்கைத் தீர்ப்பாயம் என்பதன் இலக்கணத்திற்காகப் படிக்கின்றனர். வழக்கின் மூலத்தில் இருந்தவர் ஓர் ஆலையின் நல அலுவலர் என்பது பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை.

ஓய்வுபெற்ற பின் கஜேந்திரகட்கர் முதல் தேசியத் தொழிலாளர் ஆணையத்திற்குத் தலைமையேற்றார். 1969இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, நல அலுவலர் நிருவாகத்தின் ஓர் அங்கமாகவே இருக்க வேண்டும், ஆயினும் தொழிற்தகராறுகளில் நிருவாகத்தின் சார்பில் அவரை ஈடுபடுத்தலாகாது என்று கருதியது. பதினைந்தாண்டுக்கும் மேலாக விதியில் இருந்த ஒன்றை ஆணையம் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது எனில், அவ்விதி எவ்வாறு கடைப்பிடிக்கப்பட்டது என்பதை ஊகிக்கலாம்.

மீறலுக்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு சமரச நடவடிக்கைகளில் வழக்கறிஞரை விலக்கியது. தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் அவர் தோன்றலாம். எனவே நிறுவனத்திற்காகப் பேச நிறுவனத்திற்குள்ளேயே ஒருவர் தேவைப்பட்டார். நல அலுவலர் அதைச் செய்யலாகாது. அவருக்கு மேலே பணியாளர் மேலாளர் என்னும் பதவி வலுப்பெற்றதற்கு இது முக்கியமான காரணமாகத் தோன்றுகிறது. அப்பதவிக்குச் சட்டம் தகுதி எதையும் கூறவில்லை, தேவை கூறியது. அத்தேவை தொழிற்சட்ட அறிவு. சென்னை வட்டாரப் பணியாளர் மேலாளரிடையே சட்டப் பட்டமும் தொழிலாளர் சட்டப் பட்டயமும் விரும்பிப் பெறப்பட்டதன் பின்னணி இதுவே. நலம் ஒருவரிடமும் வழக்கு மற்றொருவரிடமும் சென்றன. வழக்கு வைத்திருந்தவர் மேலே இருந்தார்.

ஆவடியில் நிலை வேறு. பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலைகளில் அலுவலரை அமர்த்துவதற்கு 1951ஆம் ஆண்டிலேயே நடுவண் தொகுப்புத் தொழிலாளர் அலுவலர் விதிகள் வந்துவிட்டன. 1987இல் அத்தொகுப்பு நடுவண் தொழிலாளர் பணி என்னும் முறையான பணிப்பிரிவாயிற்று. அங்கு அலுவலரைத் தேர்வதும் இடமாற்றுவதும் ஆலை நிருவாகம் அன்று. ஒரே சாலையில் சில கல் தொலைவிலிருந்த அம்பத்தூர்த் தனியார் ஆலையின் நல அலுவலரும் ஆவடி அரசு ஆலையின் தொழிலாளர் அலுவலரும் ஏறத்தாழ ஒரே கல்வியைப் பெற்றிருக்கலாம். எனினும் ஒருவருடைய அச்சம் மற்றவருக்கு இருந்திருக்க வழியில்லை. சான்றைவிடப் பணிப்பாதுகாப்பே நடுநிலையைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகும்.

சமூகப்பணிக் கல்லூரியின் வழி

ஆலைப் பணிக்குச் சமூகப்பணிக் கல்வி ஏன் தகுதியாக்கப்பட்டது என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். 1936இல் பம்பாயில் கிளிஃபர்ட் மான்ஷார்ட் முயற்சியால் தொடங்கப்பட்ட சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளியே இந்தியாவில் இத்துறையின் முதற்கல்வி நிறுவனம். 1944இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சட்டம் இயற்றப்பட்டபோது ஆலைத் தொழிலாளரின் வாழ்க்கையை முறையாகப் பயிற்றுவித்த கல்வி என்று சுட்டத்தக்கது இதுவாகவே இருந்தது. வணிக மேலாண்மைப் பள்ளிகள் அன்று இல்லை. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் 1961இல்தான் வந்தன. ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையார் 1949இல் நிறுவிய சேவியர் தொழிலுறவு நிறுவனமும் தொழிலுறவு என்பதையே தன் பெயரில் தாங்கியது.

சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னைச் சமூகப்பணிக் கல்லூரியை நிறுவினார். அவர் முன்னின்று நடத்திய கில்ட் ஆஃப் சர்வீஸ் தொண்டமைப்பின் அரவணைப்பில் அது தோன்றியது. மாநில விதிகள் வந்ததோ அதற்கு அடுத்த ஆண்டு. ஒரு கல்லூரியின் பட்டயத்திற்கு அரசு விதியே வேலைவாய்ப்பை உறுதிசெய்த நிலை இதனால் ஏற்பட்டது. குழந்தைகள் நலம், மருத்துவமனைச் சமூகப்பணி ஆகியவற்றோடு தொழிலாளர் நலமும் பணியாளர் மேலாண்மையும் அங்குக் கற்பிக்கப்பட்டன. ஆலைகள் நல்ல ஊதியம் தந்தன. ஆகவே இப்பிரிவை நாடியோர் மிகுந்தனர். ஏழைக்குத் தொண்டாற்றுவதற்கென உருவான கல்விநிலையம் ஆலை நிருவாகத்திற்கு ஆள் தரும் நாற்றங்காலாகவும் ஆயிற்று. இதைக் குறையாகக் கூறுவோரும் உண்டு. ஆனால் களப்பணிக்காகத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று வந்த ஒருவர் ஆலையின் மேசைக்குப் பின்னால் அமர்ந்தது வேறு எந்தக் கல்வியாலும் அன்று நிகழ்ந்திருக்காது.

1973இல் தமிழ்நாடு அரசு, தொழிலாளர் துறையின்கீழ்த் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தை உருவாக்கியது. தொழிலாளர் மேலாண்மையில் பட்டப் படிப்புகளோடு, வேலையில் இருப்போர் பயிலத்தக்க தொழிலாளர் நிருவாகப் பட்டமேற்படிப்புப் பட்டயத்தையும் அது அளித்தது. ஆலையில் நேர அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் பணியிலிருந்தவாறே படித்து நல அலுவலர் தகுதியைப் பெற அது வழி திறந்தது. மனிதவளத் துறையின் சமூகச் சேர்க்கையை மாற்றியதில் இப்பட்டயத்தின் பங்கு தனியே ஆராயத்தக்கது.

பெயர் மாறியபோது

நலம், பணியாளர், மனிதவளம் என்று இத்துறைக்கு மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. பணியாளர் மேலாண்மைக்கெனக் கல்கத்தாவில் ஒன்றும் தொழிலாளர் மேலாண்மைக்கெனப் பம்பாயில் ஒன்றும் என விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோன்றிய இரு கழகங்கள் 1980இல் இணைந்து தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம் ஆயின. இவ்விரு பெயர்களே அன்றைய சிந்தனைப் பிளவைக் காட்டும்: ஒன்று அலுவலக ஊழியரை எண்ணியது, மற்றொன்று ஆலைத் தொழிலாளியை. இணைந்தபின் நிலைத்த பெயர் முன்னதே.

1970களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்திற்காக உதய் பரீக்கும் டி. வி. ராவும் மனிதவள மேம்பாட்டு முறையொன்றை வகுத்தனர். பணித்திறன் மதிப்பீடு, பயிற்சி, பணிமுன்னேற்றம் ஆகியவை அதன் உயிர்நாடி. 1985இல் தேசிய மனிதவள மேம்பாட்டு வலையமைப்பு உருவானது; அதே ஆண்டில் நடுவண் கல்வி அமைச்சகமும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் மாறியது. அதற்கடுத்த இருபதாண்டுகளில் சென்னை வட்டார ஆலைகளின் பெயர்ப்பலகைகளில் பணியாளர் துறை என்பது மறைந்து மனிதவளத் துறை என்பது எழுந்தது. பெயர் மாற்றத்தோடு நோக்கின் இலக்கும் மாறிற்று. பழைய துறை சங்கத்தோடும் சட்டத்தோடும் பேசியது. புதிய துறை நிறுவனத்தின் வணிக இலக்கோடு பேசத் தொடங்கியது.

பிரிட்டனிலும் இத்துறை நலப்பணியிலிருந்தே தொடங்கிற்று. 1913இல் யார்க் நகரில், சாக்லேட் உற்பத்தியாளர் சீபோம் ரவுண்ட்ரீயின் ஆதரவில், நலப்பணியாளர் சங்கம் கூடியது. அதன் தொடக்க உறுப்பினரில் பெரும்பாலோர் ஆலைப் பெண்களைக் கவனித்துக்கொண்ட பெண் அலுவலர். அச்சங்கம் 1931இல் தொழிலாளர் மேலாண்மைக் கழகமாகவும், 1946இல் பணியாளர் மேலாண்மைக் கழகமாகவும் பெயர் மாறிப் பல இணைப்புகளைக் கடந்து, 2000இல் அரச சாசனம் பெற்றது. அங்குத் தொழிலின் தகுதியைத் தொழில் செய்வோரின் சங்கமே வளர்த்து, இறுதியில் அரசின் முத்திரையைப் பெற்றது. இந்தியாவில் அரசு முதலில் வந்தது. ஆனால் நல அலுவலர் என்ற படியோடு நின்றுவிட்டது. மேற்படிகளை எவரும் கட்டாததால், வெளியிலிருந்து வந்த ஏணிகள் அங்குச் சார்த்தப்பட்டன.

அவற்றுள் பெருவழக்கானவை அமெரிக்கச் சான்றுகள். 1948இல் தோன்றிய அமெரிக்கப் பணியாளர் நிருவாகச் சங்கம் 1970களில் சான்றளிப்புக்கெனத் தனி நிறுவனத்தை அமைத்தது. 1976இல் முதல் தேர்வுகள் நடந்தன. முதுநிலைச் சான்றுக்கு முதுகலைப் பட்டம் பெற்றவர் நான்காண்டும், இளங்கலைப் பட்டம் பெற்றவர் ஐந்தாண்டும், பட்டமில்லாதவர் ஏழாண்டும் துறை அனுபவம் காட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தாய்ச்சங்கம் 1989இல் மனிதவள மேலாண்மைச் சங்கம் எனப் பெயர் மாறி, பின்னர் அச்சான்றிலிருந்து விலகி 2015 முதல் தன் சொந்தத் தேர்வை நடத்தி வருகிறது. ஒரே தொழிலுக்கு ஒரே நாட்டில் போட்டியிடும் இரு முதுநிலைச் சான்றுகள் உள்ளன என்பது, அவற்றின் பின்னால் சட்டம் இல்லை என்பதை உணர்த்தும்.

இத்தேர்வுகளைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. புதுப்பிக்கும் கட்டாயம் நம் பட்டங்களில் இல்லாத நற்கூறு. இருபதாண்டுக்கு முன் பெற்ற பட்டயத்தோடு நிற்கும் அலுவலரை அது நிற்கவிடாது. ஆனால் முதுநிலைத் தேர்வின் மிகப்பெரும் பங்கு தலைமைக்கும் வணிக உத்திக்கும் உரியது. பல நாட்டாரும் எழுதும் வடிவம் அமெரிக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு நாட்டின் சட்டத்தைக் கேட்க அதற்கு வழியுமில்லை. தொழிலாளரின் மொழி தெரியுமா என்ற வினாவுக்கு அத்தேர்வில் இடமே இல்லை. நிருவாகத்திற்கும் தொழிலாளருக்கும் இடையில் அலுவலர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அறநெறி என்னும் பொதுத்தலைப்பில் கரைந்துவிடுகிறது. விட்லி ஆணையம் கேட்ட ஐந்து இயல்புகளுள் மொழித்திறன் இவ்வாறு மேல்நிலைத் தகுதியிலிருந்து முற்றிலும் உதிர்ந்தது.

கும்மிடிப்பூண்டியில் மொழிவிதி

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னர்க் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் செல்லும் இருப்புப்பாதையும் அருகருகே ஓடும் இவ்வூருக்கு வடக்கே ஆந்திர எல்லை. இரும்பு உருக்கும் உலைகள், கம்பி உருட்டாலைகள், வார்ப்படச் சாலைகள், வேதிப்பொருள் ஆலைகள் முதலியன இங்கு உள்ளன. சற்று மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் பிற்காலத்தில் அமைந்த சிப்காட் வளாகத்தில் மிஷலின் டயர் ஆலை உள்ளது. பகுதி மக்களிடையே தெலுங்கு பேசுவோரும் மிகுதி. ஆகவே பகுதியின் மொழி என்பதற்குத் தமிழ் மட்டுமே பொருளாக இங்கு என்றும் இருந்ததில்லை.

இன்று உலையடியில் நிற்போரில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். ஒடியா, போஜ்புரி, இந்தி, வங்காளி என அவர்தம் மொழிகள் பல. 1953இன் சூழலில் மொழிவிதி எண்ணியது பிறிதொன்று: ஆங்கிலம் பேசும் நிருவாகத்திற்கும் தமிழ் பேசும் தொழிலாளருக்கும் இடையில், தமிழறிந்த பட்டதாரி ஒருவரை நிறுத்துவது. இன்று தமிழறிந்த பட்டதாரி மேசையில் இருக்கிறார். எதிரில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது. விதியின் சொற்களை அதன் நோக்கத்திற்கேற்பப் படித்தால், கும்மிடிப்பூண்டியில் பல உருக்காலைகளின் நல அலுவலர் ஒடியாவோ இந்தியோ அறிந்தவராக இருத்தல் வேண்டும். நடைமுறையில் அவ்விடத்தை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் நிரப்புகிறார். ஊரிலிருந்து ஆளை அழைத்து வருபவர், முன்பணம் தருபவர், வருகையைக் குறிப்பவர், விபத்து நேர்ந்தால் மருத்துவமனையில் தொழிலாளிக்காகப் பேசுபவர் பெரும்பாலும் அவரே. அவருக்குச் சான்று எதுவும் இல்லை. 1931இல் ஆணையம் நீக்க விரும்பிய மேஸ்திரியின் பணிகள் ஏறத்தாழ அனைத்தும் அவரிடம் உள்ளன. அவற்றின் அடிப்படையும் அன்றுபோல் மொழியே.

எண்ணிக்கை வரம்பு மற்றொரு சிக்கல். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒப்பந்ததாரர் வழியாக வருபவரும் தொழிற்சாலைகள் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆயினர். ஐந்நூறு என்ற கணக்கில் அவரும் சேர்ந்தனர். எனினும் உருக்காலைகளில் பல ஐந்நூறை எட்டாதவை. தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் முந்நூறு என்று வரம்பு வைத்தபோது, வெப்பமும் விபத்தும் மிகுந்த உலைகளுக்கு ஐந்நூறு என்பது எக்காலத்திலும் பொருத்தமாக இருந்ததாகக் கூற இயலாது. மாநிலம் கடந்து ஒப்பந்ததாரர் வழி வருவோருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு, உரிமம், இடப்பெயர்வுப் படி, குடியிருப்பு ஆகியவற்றைப் பேசியது. அத்தொழிலாளரோடு அவர் மொழியில் பேசத்தக்க அலுவலரைப் பற்றி அது பேசவில்லை.

2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நல அலுவலருக்கான வரம்பை இருநூற்றைம்பதாகக் குறைத்தது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இதனால் கும்மிடிப்பூண்டியின் நடுத்தர ஆலைகள் பலவும் முதன்முறையாக இக்கடமைக்குள் வருகின்றன. அலுவலரின் தகுதியை வகுக்கும் பொறுப்பு இத்தொகுப்பிலும் அரசின் விதிகளுக்கே உரியது. பகுதியின் மொழி என்னும் பழைய தொடரை அப்படியே எடுத்தெழுதினால் தமிழறிந்த ஒருவரைக் கொண்டு ஆலை அதை நிறைவு செய்துவிடும். அந்த ஆலையில் வேலை செய்வோரின் மொழி என்று எழுதினால், உலையடியில் நிற்பவர் தன் குறையைச் சொல்ல ஒப்பந்ததாரரின் ஆளைத் தேட வேண்டியதில்லை.